வாளுக்கு இரையான முதல் திருத்தூதர்

ஜூலை மாதம் 25ஆம் திகதி திருத்தூதரான புனித யாகப்பரின் திருவிழாவைத் திருச்சபை கொண்டாடுகின்றது. ஆண்டவர் இயேசு தெரிந்தெடுத்த பன்னிருவருள் இருவருடைய மரணத்தை மாத்திரமே புதிய ஏற்பாடு வெளிப்படையாக விவரிக்கின்றது. ஒருவர் தம் குருவைக் காட்டிக்கொடுத்த யூதாசு. மற்றவர் செபதேயுவின் மகனாகிய யாகப்பர். பேதுரு நீரோ மன்னனின் காலத்தில் உரோமையில் கொல்லப்பட்டதையும், தோமையார் மயிலாப்பூரில் ஈட்டியால் குத்துண்டு மாண்டதையும், அந்திரேயா சிலுவையில் உயிர்நீத்ததையும் திருச்சபையின் மரபு வாயிலாகவே நாம் அறிந்து வைத்திருக்கின்றோம். யாகப்பரின் இறப்போ திருத்தூதர் பணிகள் நூலின் 12ஆம் அதிகாரத்திலேயே எழுதப்பட்டிருக்கின்றது. ஆயினும் அந்நூலின் ஆசிரியரான லூக்கா அதற்கு ஒதுக்கிய இடம் ஒரே ஒரு வசனம். கிரேக்க மூலத்தில் எண்ணிப் பார்த்தால் ஏழே ஏழு சொற்கள். அரசன் யோவானின் சகோதரராகிய யாகப்பரை வாளால் கொன்றான் என்பதற்கு மேல் அங்கு எதுவும் இல்லை. விசாரணை இல்லை, இறுதி உரை இல்லை, அடக்கச் சடங்கு இல்லை. இதே அதிகாரத்தில் பேதுரு சிறையிலிருந்து விடுவிக்கப்பட்ட நிகழ்ச்சியோ பதினேழு வசனங்களில் விரிகின்றது.

யாகப்பர் என்னும் பெயரில் புதிய ஏற்பாட்டில் வேறு சிலரும் வருவதால் ஆளை முதலில் தெளிந்துகொள்வது நன்று. அல்பேயுவின் மகனாகிய யாகப்பரும் பன்னிருவருள் ஒருவரே. ஆண்டவரின் சகோதரர் என அழைக்கப்பட்டு, எருசலேம் திருச்சபைக்குத் தலைமை தாங்கி, கி.பி. 62இல் கல்லெறியுண்டு மாண்டவரும் அப்பெயரினரே. இவ்விருவரும் ஒருவரே எனக் கொள்ளும் மரபு நம் திருச்சபையில் நீண்ட காலமாக உண்டு. நாம் இங்கு பேசுபவர் பெரிய யாகப்பர். நமது முன்னோர் இவரைச் சந்தியோகுமையோர் என அழைத்தனர். போர்த்துக்கேய மொழியில் பெரிய யாகப்பரைக் குறிக்கும் சந்தியாகோ மையோர் என்பதே நம் நாவில் இவ்வாறு உருமாறியது.

கலிலேயக் கடல் எனப்படுவது உண்மையில் நன்னீர் ஏரி. 21 கிலோமீற்றர் நீளமும் 13 கிலோமீற்றர் அகலமும் கொண்டது. அதன் வடகரையில் மீன்பிடித் தொழில் செய்த குடும்பம் செபதேயுவினுடையது. அக்குடும்பம் ஏழ்மையானது என நாம் எண்ணிக்கொள்வது வழக்கம். ஆனால் மாற்கு நற்செய்தியாளர் ஒரு சிறு செய்தியைப் போகிற போக்கில் தருகின்றார். யாகப்பரும் யோவானும் இயேசுவின் அழைப்பைக் கேட்டுப் புறப்பட்டபோது, தம் தந்தையைக் கூலியாட்களோடு படகில் விட்டுச் சென்றனராம். கூலிக்கு ஆள் வைத்திருந்தவர் என்றால், நம் கரையோர மக்களின் வழக்கில் செபதேயுவை ஒரு சம்மாட்டி என்றே சொல்லவேண்டும். பேதுருவின் குடும்பத்தோடு இவர்கள் கூட்டுத் தொழிலும் செய்தனர் என லூக்கா கூறுகின்றார். 1986ஆம் ஆண்டு கடும் வறட்சியினால் ஏரியின் நீர்மட்டம் தாழ்ந்தபோது, வடமேற்குக் கரையின் சேற்றுக்குள்ளிருந்து பழைய மரப்படகொன்று வெளிப்பட்டது. ஆய்வாளர்கள் அதனை ஏறக்குறைய இயேசுவின் காலத்துக்குரியது எனக் கணித்தனர். நீளம் எட்டு மீற்றருக்குச் சற்று அதிகம், அகலம் இரண்டரை மீற்றருக்கும் குறைவு. பலவகை மரத்துண்டுகளால் மீண்டும் மீண்டும் ஒட்டுப்போட்டுச் செப்பனிடப்பட்ட படகு அது. செபதேயு தன் இரு மைந்தரையும் இழந்து, வலைகளோடு தனித்து அமர்ந்திருந்த படகும் ஏறத்தாழ இப்படித்தான் இருந்திருக்கும். அழைத்தலைப் பற்றி மறையுரை ஆற்றும்போது பிள்ளைகளின் தாராள மனத்தையே நாம் புகழ்கின்றோம். படகில் இருந்த அந்த முதியவரை மறந்துவிடுகின்றோம்.

இவ்விரு சகோதரருக்கும் இடியின் மக்கள் என்னும் பொருள்படும் பொவனெர்கேஸ் என்ற பெயரை இயேசு சூட்டினார். பெயருக்கு ஏற்ற குணம் அவர்களிடம் இருந்தது. எருசலேமுக்குச் செல்லும் வழியில் சமாரியர் ஊரொன்று இயேசுவை ஏற்க மறுத்தது. உடனே யாகப்பரும் யோவானும் வானத்திலிருந்து நெருப்பை வருவித்து அவ்வூரை அழித்துவிடவா என்று கேட்டனர். எலியா இறைவாக்கினர் முன்னொரு காலத்தில் செய்ததை மனத்தில் கொண்டே அவர்கள் அப்படிக் கேட்டிருக்கவேண்டும். ஓர் ஊர் முழுவதையும், அதிலுள்ள குழந்தைகளோடும் கால்நடைகளோடும் எரித்துவிடத் துணிந்த கோபம் அது. அந்தக் கோபத்துக்குத் தம் குருவின்மீது கொண்ட அன்பே காரணம் என்பது நம்மை மேலும் அச்சுறுத்தவேண்டும். இயேசு அவர்களைக் கடிந்துகொண்டு, வேறு ஊருக்கு நடந்தார்.

இன்னொரு தருணத்தில் இவர்கள் இருவரும், அல்லது மத்தேயுவின்படி இவர்களுடைய தாய், இயேசுவின் ஆட்சியில் ஒருவர் வலப்புறமும் மற்றவர் இடப்புறமும் அமரும் வரத்தைக் கேட்டனர். தாம் பருகவிருக்கும் கிண்ணத்தில் பருக உங்களால் இயலுமா என்னும் கேள்வியே பதிலாக வந்தது. இயலும் என்றனர். சற்றும் தயங்காத பதில்! அப்படியானால் அதனைப் பருகுவீர்கள், இருக்கைகளை அளிப்பதோ தந்தையின் காரியம் என்று இயேசு கூறி முடித்தார். ஏனைய பத்துப்பேரும் இருவர்மீதும் எரிச்சல் அடைந்தனர். அவர்களுடைய எரிச்சலும் பெரும்பாலும் அதே ஆசையிலிருந்து பிறந்ததே. இத்தாய் சலோமி என்பவராக இருக்கலாம் என மத்தேயு, மாற்கு நற்செய்திகளை ஒப்பிட்டுப் பார்ப்போர் கூறுவர். கல்வாரியில் தொலைவில் நின்ற பெண்களுள் இவரும் இருந்தார் என மத்தேயு எழுதுகின்றார். தன் பிள்ளைகளுக்காகத் தான் கேட்ட வலப்புறத்திலும் இடப்புறத்திலும் அன்று இரு கள்வர்கள் அறையுண்டு தொங்கியதை அத்தாய் தன் கண்களால் கண்டார்.

பேதுரு, யாகப்பர், யோவான் ஆகிய மூவரையும் இயேசு சில முக்கிய வேளைகளில் தனியே அழைத்துச் சென்றார். யாயீரின் மகள் உயிர்பெற்றபோது அறைக்குள் இருந்தவர்கள் இவர்கள். உயர்ந்த மலையில் ஆண்டவர் தோற்றம் மாறியபோது உடனிருந்தவர்களும் இவர்களே. கெத்சமனித் தோட்டத்தில் இயேசு துயரத்தில் ஆழ்ந்திருந்தபோது அருகில் வைத்துக்கொள்ள விரும்பியதும் இம்மூவரையே. அங்கே அவர்கள் உறங்கிவிட்டனர். இத்தோட்டத்தைப் பற்றி மீண்டும் பேசவேண்டியிருக்கும். உயிர்த்தெழுந்த ஆண்டவரைக் கண்டபின், மேல்மாடி அறையில் செபித்துக் காத்திருந்தோரின் பட்டியலில் யாகப்பரின் பெயர் இருக்கின்றது. அதன்பின் பத்து ஆண்டுகளுக்கு மேலாக அவரைப் பற்றி நூலில் ஒரு சொல்லும் இல்லை. பேதுருவும் யோவானும் ஆலயத்தில் போதிக்கின்றனர், சமாரியாவுக்குச் செல்கின்றனர். எரித்துவிட நினைத்த அதே சமாரியாவில் யோவான் கைகளை விரித்துத் தூய ஆவியாரை வேண்டி நிற்கின்றார். யாகப்பரோ பின்னணியில் இருக்கின்றார்.

இனி அவரைக் கொன்ற அரசனைச் சற்று நோக்குவோம். முதலாம் ஏரோது அகிரிப்பா என்னும் இம்மன்னன், பெத்லகேமின் குழந்தைகளைக் கொன்ற பெரிய ஏரோதுவின் பேரன். இவனுடைய தந்தை அரிஸ்தோபுலுவைக் கொன்றதும் அதே பாட்டனாரே. உரோமையில் வளர்ந்து, கடனில் மூழ்கி, பெரிய இடத்து நட்புகளால் காலம் தள்ளிய இவன், திபேரியு பேரரசன் விரைவில் இறந்து கலிகுலா ஆட்சிக்கு வரவேண்டும் என்று வாய்தவறிப் பேசியதால் விலங்கிடப்பட்டுச் சிறையில் அடைக்கப்பட்டான். கி.பி. 37இல் திபேரியு இறந்ததும் கலிகுலா இவனை விடுவித்தான். சிறையில் இவன் அணிந்திருந்த இரும்புச் சங்கிலியின் எடைக்குச் சமமான பொற்சங்கிலி ஒன்றையும் பரிசாக அளித்தான். பின்னர் 41இல் குலோதியு பேரரசன் யூதேயாவையும் இவனிடம் ஒப்படைக்க, பாட்டனின் நாடு முழுவதும் பேரனின் கைக்கு வந்தது. எருசலேமுக்கு வந்த அகிரிப்பா அந்தப் பொற்சங்கிலியை, கடவுள் தனக்குச் செய்த நன்மையின் நினைவாக, ஆலயத்தில் தொங்கவிட்டான் என யூத வரலாற்றாசிரியர் ஜோசேப்பஸ் எழுதியிருக்கின்றார்.

சிறையிலிருந்து விடுதலை பெற்றதற்காக இறைவனுக்கு நன்றி செலுத்திய இம்மனிதனே, ஓரிரு ஆண்டுகளுக்குள் யாகப்பரைப் பிடித்து வாளுக்கு இரையாக்கினான். இது கி.பி. 44க்குப் பின்னர் நடந்திருக்க முடியாது. ஏனெனில் அவ்வாண்டிலேயே அகிரிப்பா செசாரியாவில் திடீரென நோயுற்று இறந்தான். தன் குடிமக்களுள் செல்வாக்கு உடையோரின் நல்லெண்ணத்தைப் பெறுவதே இவனது நோக்கமாக இருந்தது. வெளிநாட்டில் வளர்ந்து, உரோமையரின் தயவில் ஆட்சிபெற்ற ஒருவனுக்கு அது தேவையாக இருந்தது. இதனை யூத மக்கள் அனைவர்மீதும் பழியாகச் சுமத்துவது தவறென்பதை 1965ஆம் ஆண்டின் சங்க ஏடு நமக்குக் கற்பித்திருக்கின்றது. கொல்லப்பட்டவரும் யூதரே, அவருக்காக அழுதவர்களும் யூதரே. ஆட்சியாளர் தம் செல்வாக்கை உயர்த்த ஓர் உயிரைப் பலியிடுவது எல்லா இனத்திலும் நடந்திருக்கின்றது.

யாகப்பரின் கொலை வரவேற்பைப் பெற்றதைக் கண்டு அகிரிப்பா பேதுருவையும் பிடித்தான். புளிப்பற்ற அப்ப விழா நாட்கள் முடியும்வரை அவரைக் காவலில் வைக்க, நால்வர் கொண்ட நான்கு குழுக்களை நியமித்தான். திருச்சபை உருக்கமாக மன்றாடிக்கொண்டிருந்தது. இரு சங்கிலிகளால் கட்டுண்டு இரு காவலருக்கு நடுவே உறங்கிக்கொண்டிருந்த பேதுருவை வானதூதர் எழுப்பி வெளியே அழைத்துச் சென்றார். விடிந்ததும் அரசன் காவலர்களை விசாரித்து அவர்களைக் கொல்ல ஆணையிட்டான். அந்தக் காவலர்களை நினைப்போர் அரிது.

இங்கேதான் நம்பிக்கையுள்ள மனம் இடறுகின்றது. அரசன் ஒருவனே, நகரம் ஒன்றே, மன்றாடிய மக்களும் அதே மக்களே. பேதுருவுக்கு வானதூதர் வந்தார். யாகப்பருக்கு ஏன் வரவில்லை? 1983ஆம் ஆண்டு இதே ஜூலை 25ஆம் திகதி வெலிக்கடைச் சிறைச்சாலையில் 35 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். இரு நாட்களின் பின் மேலும் 18 பேர். அதே சிறையிலிருந்து உயிர் தப்பியோரும் உள்ளனர். அவர்கள் எல்லோருக்கும் தாய்மார் இருந்தார்கள், செபித்தார்கள். மரண வீடுகளிலும், காணாமற்போன பிள்ளையின் படத்துக்கு முன் விளக்கேற்றி வைத்திருக்கும் வீடுகளிலும் குருவானவர்களாகிய நாங்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி இதுதான். அடுத்த வீட்டுப் பிள்ளை வந்துவிட்டான், சுவாமி, எங்கள் பிள்ளை ஏன் வரவில்லை என்று கேட்கின்றார்கள்.

இதற்கு ஓர் இலகுவான விடையைச் சில போதகர்கள் சொல்லக் கேட்டிருக்கின்றேன். பேதுருவுக்காகத் திருச்சபை உருக்கமாகச் செபித்தது என்று எழுதப்பட்டுள்ளது, யாகப்பருக்காகச் செபித்ததாக எழுதப்படவில்லை, ஆகவே செபக்குறைவே அவருடைய மரணத்துக்குக் காரணம் என்பர். இவ்விளக்கத்தை நான் ஏற்பதற்கில்லை. ஏழு சொற்களில் முடிந்த ஒரு செய்தியில் செபம் குறிப்பிடப்படவில்லை என்பதால், தம் நடுவிலிருந்து இழுத்துச் செல்லப்பட்ட திருத்தூதருக்காக எருசலேமின் விசுவாசிகள் முழந்தாளிடவில்லை என்று முடிவு செய்வது எப்படி? அதைவிடக் கொடியது, அந்த விளக்கம் போய் விழும் இடம். அது ஏற்கெனவே பிள்ளையை இழந்த தாயிடம், உன் செபம் போதவில்லை என்று சொல்லிவிட்டுப் போகின்றது. அவளுடைய துயரத்தின்மேல் குற்றத்தையும் ஏற்றிவைக்கின்றது.

கெத்சமனித் தோட்டத்துக்குத் திரும்பிச் செல்வோம். கிண்ணம் தம்மைவிட்டு அகலவேண்டும் என்று இறைமகனே இரத்த வியர்வை சிந்தி மன்றாடியது அங்கேதான். கல்லெறி தூரத்தில் யாகப்பர் உறங்கிக்கொண்டிருந்தார். அந்த மன்றாட்டில் உருக்கம் குறைந்திருந்தது என்று எவரும் சொல்லத் துணியார். கிண்ணமோ அகலவில்லை. தன்னால் பருக இயலும் என்று முன்னொருநாள் துணிந்து கூறிய யாகப்பரிடம் அதே கிண்ணம் பல ஆண்டுகளின் பின் வந்து சேர்ந்தது. லூக்கா இதற்குக் காரணம் கூறவில்லை. பேதுருவின் விடுதலைக்கு மகிழ்ந்து எழுதிய அதே எழுதுகோலால் யாகப்பரின் மரணத்தை விளக்கமின்றி எழுதி, இரண்டையும் அடுத்தடுத்து வைத்திருக்கின்றார். அம்மௌனத்தை நான் மதிக்கின்றேன். அந்தப் பேதுருவும் சாவுக்குத் தப்பியவர் அல்லர்; இருபது ஆண்டுகளுக்குச் சற்று மேலானபின் உரோமையில் அவருக்கும் அந்நாள் வந்தது, அப்போது எந்தக் கதவும் திறக்கவில்லை. இன்னொன்றையும் கவனிக்கலாம். யூதாசு இறந்தபோது அவன் இடத்துக்கு மத்தியா தெரிந்தெடுக்கப்பட்டார். யாகப்பர் இறந்தபோது எவரும் தெரிந்தெடுக்கப்படவில்லை. யூதாசு விட்டுச்சென்ற இடம் வெறுமையாக இருந்தது. யாகப்பரோ இறந்தபின்னும் பன்னிருவருள் ஒருவராகவே இருந்தார்.

வேதாகமத்துக்கு வெளியே, அலெக்சாந்திரியா நகர கிளமெந்து என்னும் அறிஞர், தமக்கு முன்னிருந்தோரிடமிருந்து பெற்ற செய்தியொன்றை எழுதிவைத்தார். நான்காம் நூற்றாண்டின் ஆயரான எவுசேபியு தமது திருச்சபை வரலாற்றில் அதனைக் காத்துத் தந்திருக்கின்றார். யாகப்பரை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தவன், அவர் சான்று பகர்ந்த விதத்தைக் கண்டு மனம் உருகி, தானும் கிறிஸ்தவனே என அறிக்கையிட்டான். இருவரும் ஒன்றாகவே கொலைக்களத்துக்கு நடத்திச் செல்லப்பட்டனர். வழியில் அவன் யாகப்பரிடம் மன்னிப்புக் கேட்டான். யாகப்பர் சற்று யோசித்தார். பின்பு அவனுக்குச் சமாதானம் கூறி முத்தமிட்டார். இருவருடைய தலைகளும் ஒன்றாக வெட்டப்பட்டன. இச்சம்பவத்தில் என்னைத் தொடுவது, அவர் சற்று யோசித்தார் என்னும் அந்தச் சிறு செய்தி. மரபைப் புனைந்தவர்கள் உடனே மன்னித்தார் என்றே எழுதியிருப்பார்கள். நெருப்பை வருவிக்கக் கேட்ட மனிதர் தம்மைச் சாவுக்குக் கொண்டுவந்தவனை அணைத்துக்கொள்ள எடுத்த அந்தக் கணநேரம் மிக உண்மையானதாக எனக்குத் தோன்றுகின்றது.

அவர் தலை எருசலேமில் ஆர்மேனியரின் புனித யாகப்பர் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டுள்ளது என்பது அம்மக்களின் மரபு. உடல் கடல்வழியாக ஸ்பெயின் நாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டது என்பது மற்றொரு மரபு. அவர் முன்னதாகவே அங்கு சென்று போதித்தார் என்றும் கூறுவர். இதனை வரலாற்றாகக் காட்டுவது கடினம். எழுத்துச் சான்றுகள் ஏழாம் நூற்றாண்டளவிலேயே தென்படுகின்றன. ஒன்பதாம் நூற்றாண்டில், இரண்டாம் அல்போன்சோ மன்னன் காலத்தில், கலீசியாவில் அவருடைய கல்லறை கண்டுபிடிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அதன்மேல் எழுந்த கொம்போஸ்தெலா பேராலயத்தை நோக்கி மக்கள் நடக்கத் தொடங்கினர். இன்றும் நடக்கின்றனர், 2023ஆம் ஆண்டில் மட்டும் யாத்திரையை நிறைவுசெய்து பதிந்துகொண்டோர் நான்கு இலட்சத்துக்கும் அதிகம். கல்லறையைப் பற்றி ஐயம் கொண்டோரும் அவ்வழியில் நடந்து மனம் மாறித் திரும்பியிருக்கின்றனர்.

ஆனால் அம்மண்ணில் வேறொன்றும் நிகழ்ந்தது. முகமதியருடன் நடந்த போர்களில் யாகப்பர் வெண்குதிரையில் தோன்றி வாள்வீசியதாகக் கதைகள் பிறந்தன. அவர் பெயர் போர்முழக்கமாயிற்று. வாளால் வெட்டுண்டு இறந்தவரின் கையில் வாளைக் கொடுத்துவிட்டார்கள்! குதிரைமேல் வீற்றிருக்கும் அந்த வடிவமே போர்த்துக்கேயரோடு நம் நாட்டுக்கும் வந்தது. 17ஆம் நூற்றாண்டில் தெல்லிப்பழையைச் சேர்ந்த பேதுருப் புலவர் சந்தியோகுமையோர் அம்மானையைப் பாடினார். ஈழத்துக் கத்தோலிக்க இலக்கியத்தின் தொடக்க நூல்களுள் அது ஒன்று. கிளாலியில் ஏரிக்கரையோரம் யாகப்பருக்கு ஆலயம் இருக்கின்றது. 1990களின் முற்பகுதியில் குடாநாட்டு மக்கள் இரவோடிரவாக அக்கடல்நீரேரியைப் படகுகளில் கடந்தபோது, எத்தனை பேர் அத்திசை நோக்கிக் கும்பிட்டிருப்பார்கள்! கரைசேர்ந்தவர்களும் உண்டு, சேராதவர்களும் உண்டு. கும்பிட்டவர்கள் குதிரை வீரரை நினைத்திருக்கலாம். கேட்டுக்கொண்டிருந்தவர் செபதேயுவின் மகன், கடற்றொழிலாளி, காப்பாற்றப்படாதவர்.

அவருடைய தம்பி யோவான் நெடுங்காலம் வாழ்ந்தார். திராயான் பேரரசனின் காலம்வரை, அதாவது கி.பி. 98 வரையிலேனும், அவர் எபேசு நகரில் இருந்தார் எனப் புனித இரனேயு எழுதியிருக்கின்றார். ஒரே படகிலிருந்து எழுந்து சென்ற சகோதரர்களுள் ஒருவர் திருத்தூதர்களுள் முதலாவதாக மறைசாட்சியானார், மற்றவர் எல்லோருக்கும் கடைசியாக இறந்தார் என மரபு கூறும். அண்ணன் வெட்டுண்டபின் அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தம்பி அவரில்லாமல் வாழ்ந்தார். யோவானுடையது என நாம் வாசிக்கும் நான்காம் நற்செய்தியில் யாகப்பர் என்னும் பெயர் ஓரிடத்திலும் இல்லை. இறுதி அதிகாரத்தில் மாத்திரம், உயிர்த்த ஆண்டவர் விடியற்காலையில் திபேரியாக் கடற்கரையில் நிற்கும் வேளையில், இரவெல்லாம் வலைவீசிக் களைத்த எழுவருள் செபதேயுவின் மக்கள் என்று இருவரும் சேர்த்தே குறிக்கப்படுகின்றனர். இருவரும் அங்கே ஒரே படகில் இருக்கின்றனர்.